நாற்பத்தைந்து போய் முப்பத்தெட்டு வந்தது

விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் பெரிய ரோடு என்றால் சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகிற ரோடுதான். தேசிய நெடுஞ்சாலை 45. விக்கிரவாண்டியில் அதைவிட்டுப் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போனது 45சி. விழுப்புரத்தில் பிரிந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போனது 45ஏ. திருச்சியிலிருந்து மதுரையைத் தொட்டுத் தூத்துக்குடியில் முடிந்தது 45பி. அரிச்சுவடி போல மனதில் பதிந்த எண்கள் இவை.

பதிய வைத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு சாலைப் பணியாளர். உறவு இல்லை என்றாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளம் நிரப்புவது, ஓரத்துப் புதரை வெட்டுவது, புளிய மரங்களுக்குப் பட்டை அடிப்பது, கல்லுக்கு வண்ணம் பூசுவது எல்லாம் அவர் வேலை. கிலோமீட்டர் கணக்கு வந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும் அவருக்கு அது மைல்கல்தான். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ இருந்தால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. “தலையப் பாத்தா யாரு ரோடுன்னு தெரிஞ்சிடும் தம்பி, வயித்தப் பாத்தா எவ்ளோ தூரம்னு தெரிஞ்சிடும்” என்பார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல்லில் மட்டும் ஊர்ப் பெயர்கள் கூடுதலாக இருக்கும். கற்களுக்கு இடையில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று சின்னக் கற்கள். இவ்வளவும் தெரிந்தவனுக்கு வழியில் யாரையும் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

2000-க்குப் பிறகு அந்தச் சாலை நான்கு வழி ஆனது. இரண்டு பக்கமும் நின்ற புளிய மரங்கள் விழுந்தன. ஊருக்குள் நுழைந்து போன பேருந்துகள் பைபாஸில் போயின. பழைய கற்கள் போய்ப் புதுக் கற்கள் வந்தன. அப்போதும் எண் மட்டும் 45-ஆகவே இருந்தது. அதுவும் 2010-இல் போனது. நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு புது எண் கொடுத்தபோது எங்கள் 45 மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டது. கன்னியாகுமரி வரை வந்த 7 இப்போது பஞ்சாபின் பாசில்காவில் தொடங்கி பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மாணா கிராமத்தில் முடிகிறது. சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம் என்று சுற்றிக் கன்னியாகுமரிக்கு வந்த 47-ஐ குஜராத்திலிருந்து நாகபுரி போகும் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி–புதுச்சேரி சாலை வைத்திருந்த 66, மும்பைக்குப் பக்கத்துப் பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரை நெடுக இறங்கும் சாலைக்குப் போனது.

எங்கள் பக்கத்தில் யாரும் வந்து இதைச் சொல்லவில்லை. விழுப்புரம் தாண்டினால் பலகையில் 38 என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தபோதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு எனக்குப் பிடிபட்டது. வடக்கு–தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கே குறைவு, மேற்கே போகப் போகக் கூடும். கிழக்கு–மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கே குறைவு, தெற்கே வர வரக் கூடும். விதி இவ்வளவுதான்.

இதை நம் மாநிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கிழக்கே கடலோரம் 32: சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி வரை. அதற்கு மேற்கே 36: விக்கிரவாண்டி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மானாமதுரை. அடுத்து 38: வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி. அதற்கும் மேற்கே ஸ்ரீநகரிலிருந்து வரும் 44, ஓசூரில் நுழைந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று இறங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை இதுதான்.

இவற்றின் குறுக்கே ஏணிப் படிகளாக ஒற்றைப்படைச் சாலைகள். பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாக வேலூருக்கு வருவது 75. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் 77. சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை 79. கோவை, கரூர், திருச்சி, சிதம்பரம் 81. கோவை, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் 83. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை கடந்து தொண்டிக் கடற்கரைக்கு வருவது 85. மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், இராமேசுவரம் வழியாகத் தனுஷ்கோடிக்குப் போவது 87. ஒற்றைப்படை வரிசையில் முதல் எண் உரியில் தொடங்கி ஸ்ரீநகர், கார்கில் வழியாக லேவுக்குப் போகும் சாலைக்கு. காஷ்மீரத்துப் பனியில் ஒன்று என்று தொடங்கிய எண்ணிக்கை தனுஷ்கோடி மணலில் எண்பத்தேழு என்று முடிகிறது. 1964 புயலில் அழிந்த ஊர் அது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல்தான் திறந்தார்கள். எண்களுக்குள் இப்படி ஒரு நிலப்படம் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெருமகிழ்ச்சி தரும் விஷயம்.

கிளைச் சாலைகளுக்கும் கணக்கு உண்டு. மூன்று இலக்கம் என்றால் கடைசி இரண்டு இலக்கமும் தாய்ச்சாலையின் எண். 544 என்றால் 44-இன் கிளை, சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது. 744-உம் அதன் கிளைதான், மதுரைப் பக்கமிருந்து கொல்லத்துக்கு. திருநெல்வேலி–தூத்துக்குடி சாலை 138, அதாவது 38-இன் கிளை. கோவையிலிருந்து சத்தியமங்கலம் கடந்து திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பெங்களூரு போகும் 948, டெல்லி–சென்னைச் சாலையான 48-இன் கிளை. பழைய முறையில் 45சி என்றால் 45-லிருந்து பிரிந்தது என்று தெரியும், திசை தெரியாது. புதியது தாய்ச்சாலையையும் அது போகும் திசையையும் சொல்கிறது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரே நேர்ச்சாலையில்தான் போகிறோம். ஆனால் திண்டிவனம் வரை அது 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132, அதன் பிறகு 38. திருச்சி தாண்டித் திண்டுக்கல் போனால் 83. மக்கள் ஒரே பயணமாக நினைத்த சாலை ஏட்டில் நான்கு துண்டு. சென்னைக்காரர்கள் இன்றும் ஜி.எஸ்.டி. ரோடு என்கிறார்கள் என்றால், வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது என்பதால்தான். தெற்கே மதுரையைத் தாண்டினால் மங்கம்மாள் சாலை என்ற பெயர் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் வழக்கில் இருக்கிறது. பெயருக்கு அந்தப் பலம் உண்டு. எண்ணுக்கும் வரும், சொல்லிக்கொடுத்தால்.

அதைத்தான் யாரும் செய்யவில்லை. எண்ணை மாற்றினார்கள், கணக்கை மாற்றவில்லை. பாடாலூர்–திருச்சி நான்கு வழிச் சாலையைத் திட்ட ஆவணங்கள் கி.மீ. 285 முதல் 325 வரை என்று குறித்தன. சென்னையிலிருந்து எண்ணினால்தான் அந்த 285 சரி. இன்று அதே சாலைக்கு எண் 38, அது தொடங்குவது வேலூரில். பெயர் ஒரு சாலைக்கு, தூரம் இன்னொரு சாலைக்கு.

இது ஏட்டுச் சிக்கல் என்று விட்டுவிட முடியாது. உளுந்தூர்பேட்டை தாண்டி ஓர் இரவு, எங்களுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. ஓட்டியவருக்குத் தலையில் அடி. 108-க்குப் பேசினேன். எந்த இடம் என்று கேட்டார்கள். சுற்றிலும் இருட்டு, கடை இல்லை, ஊர்ப் பலகை இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி ஒரு கல்லைக் கண்டுபிடித்து, அதில் இருந்த ஊர்ப் பெயரையும் தூரத்தையும் படித்துச் சொன்னேன். வண்டி வந்தது, அவர் பிழைத்தார். என்னுடன் வந்த பையனுக்குக் கல்லில் பார்க்கலாம் என்பதே தெரியவில்லை. அவன் பொறியியல் படித்தவன். கைபேசியில் சிக்னல் இல்லாத இடத்திலும் கல் இருக்கிறது, அதை வாசிக்கத்தான் ஆள் இல்லை.

மாநில நெடுஞ்சாலைகளின் நிலை இன்னும் பின்தங்கியது. நெடுஞ்சாலைத் துறை நம் மாநிலத்தில் 1946-இல் தனித்துறையானது. சாலையை அது தொடங்கும் ஊரையும் முடியும் ஊரையும் சேர்த்து அழைப்பது அதன் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கடலூர்–சித்தூர் சாலை என்று சொன்னால் 9 என்ற எண்ணைவிடத் தெளிவாக இருக்கிறது. கல்லணையிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் போகும் 22-ஆம் எண் சாலை காவிரிக் கரைச் சாலை என்பது அந்தப் பெயர் இரண்டிலுமே இருக்கிறது. ஆனால் எண்களுக்குள் திசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஒரு மாநிலச் சாலையைத் தேசிய நெடுஞ்சாலையாக உயர்த்தும்போது பழைய எண் பலகையிலும் கடை முகவரிகளிலும் அப்படியே தங்கிவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலைகளுக்குச் செய்ததை மாநிலச் சாலைகளுக்கும் செய்யலாம். செய்கிற அன்றே கல்லையும் பலகையையும் தூரக் கணக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் ஆறுகளையும் மலைகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறோம். 32, 36, 38, 44 என்று நான்கு கோடும், 75-லிருந்து 87 வரை ஏழு கோடும் போடச் சொன்னால் ஒரு வகுப்பு நேரம் போதும். தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் பெரும்பாலானவை அந்தப் பதினோரு கோடுகளில் வந்து உட்கார்ந்துவிடும். ஆசிரியர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பெரிய சாலையில் போகும்போது, நீங்கள் இருப்பது எந்த எண் சாலை, கடைசியாகக் கடந்த கல்லில் என்ன இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1033. பேசும்போது முதலில் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.