நொய்யல் செலுத்தும் பாக்கி

வெள்ளியங்கிரி மலை ஓடைகள் கூடிச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் நொய்யல் இன்னமும் தெளிந்த ஆறு. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்கால் பிரிகிறது. பேரூர் படித்துறையில் ஆடிப்பெருக்குக்குச் சனம் கூடுகிறது. வெள்ளத்தைக் குளம் குளமாகத் தேக்கிவைத்த பழைய நீர்மேலாண்மையின் மிச்சமாகக் கோவையில் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் நிற்கின்றன. அவற்றில் இன்று மழைநீரோடு சாக்கடையும் சேர்கிறது.

கோவையில் 1888இல் முதல் நூற்பாலை வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு இயந்திரம் செய்த பட்டறைகள் மோட்டார் பம்பும் செய்தன. மாடு பூட்டிக் கவலை இறைத்த தோட்டத்துக்காரருக்கு அது பெரும் விடுதலை. ஆனால் கிணற்று நீர் கீழே போக, ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு வாடிக்கையானது. நிலத்தடியிலிருந்து ஆற்றுக்குக் கசிந்த ஊற்றும் குறைந்தது.

ஆற்றின் போக்கில் அடுத்து திருப்பூர். 1980களில் பனியன் ஏற்றுமதி சூடுபிடித்தபோது வானம் பார்த்த பூமியின் வேளாண் குடும்பங்கள் நிட்டிங் மிஷின் போட்டன. ஒரு சட்டை நிட்டிங், சாயம், கட்டிங், பவர் டேபிள் தையல், செக்கிங் எனப் பல கை மாறியது. பெண்கள் கையில் சொந்தச் சம்பளம் புழங்கியது. இன்று பீகார், ஒடிசா இளைஞர்களும் இந்த ஊரை நம்பி ரயில் ஏறுகிறார்கள். இந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பெல்லாம் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழே இருந்த கிணறுகள் உவர்ந்தன, பயிர் கருகியது. சாயப்பட்டறைகளுக்கோ பவானி அருகே காவிரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

அதன்பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு நடைமுறைக்கு வந்தது. சவ்வுகளில் வடிகட்டிய நீர் மறுபடி சாயத்துக்கே போகிறது. எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். இதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அந்தச் செலவை ஏற்காமல், விலையைக் குறை என்றுதான் வெளிநாட்டு வணிகர்கள் கேட்கிறார்கள்.

ஒரத்துப்பாளையத்துக்கு அருகே, நொய்யலின் வடகரையில், கொடுமணல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இரும்பு உருக்கினார்கள், கல்மணி கோத்துத் தொலைதேசத்துக்கு அனுப்பினார்கள். இந்த ஆற்றங்கரைக்குத் தொழில் புதிதல்ல. அங்கிருந்து ஆத்துப்பாளையம் அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்து நொய்யல் கிராமத்தில் ஆறு காவிரியில் கலக்கிறது. மேலே நாம் விட்டதெல்லாம் காவிரி நீரைக் குடிக்கும் ஊர்களுக்கும் போகும்.

தொழில்நுட்பம் நொய்யலைக் கெடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தியபோது அதே தொழில்நுட்பம்தான் கழிவைத் தடுத்தும் காட்டியது. ஆகவே முடியாது என்ற சாக்கு இனி எவருக்கும் இல்லை. தண்ணீரைச் சுத்தமாக்கும் செலவு பனியனின் விலையில் சேரட்டும். வாங்குபவரும் விற்பவரும் அரசும் அதைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். இதுவரை அந்தப் பாக்கியைக் கட்டிவந்தவர்கள் கடைமடை விவசாயிகள் மட்டுமே.