ஏழு நிமிட இடைவெளி

கோல்ஃப் என்றாலே பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்பதுதான் நம்மில் பலரின் எண்ணம். அதில் பெரிய தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்த நாட்டின் கோல்ஃப் திடல்களில் புல் வெட்டியவர்களிலும் பை சுமந்தவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். எம். ராமையா, பி. குணசேகரன் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களாக உயர்ந்த நம்மவர்களும் உண்டு. பை சுமப்பவரைக் கேடி என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருப்பதால், "கேடி வேலைக்குப் போகிறேன்" என்றால் சிரிக்காத தமிழ் வீடு இருக்காது! 2023ஆம் ஆண்டு நீண்ட விடுமுறையில் நான் பார்த்தது கேடி வேலையல்ல, மார்ஷல் வேலை.

மார்ஷலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான்கு பேர் கொண்ட குழுவை இங்கே ஃபிளைட் என்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் ஃபிளைட்டுகள் 18 குழிகளையும் சுற்றி முடிக்க ஏறக்குறைய நான்கரை மணி நேரம் பிடிக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் வெயிலில் காய வேண்டியதுதான். பகி வண்டியில் சுற்றிச் சுற்றி வந்து, யார் தேங்குகிறார்கள் என்று பார்த்து, மனம் கோணாமல் அவர்களை நகர்த்த வேண்டும். அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு தொப்பியும் ஒரு வாக்கி-டாக்கியும் கொடுப்பார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மார்ஷலை எல்லாரும் அண்ணே என்றுதான் அழைப்பார்கள். பதின்மூன்று வயதில் கேடியாகத் திடலுக்குள் நுழைந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, சீக்கிரம்ங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா அந்த ஆளு இன்னும் மெதுவாத்தான் அடிப்பாரு. பின்னால இருக்கறவங்களைக் காட்டாதே, முன்னால இருக்கிற ஃபிளைட்டைக் காட்டு."

இதன் பொருள் எனக்கு இரண்டாவது வாரம்தான் விளங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறாவது குழியில் ஒரு டத்தோவின் ஃபிளைட் நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் இரண்டு குழிகள் ஆளில்லாமல் கிடந்தன. ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் நான்கு முறை மட்டையை வெறுமனே வீசிப் பார்த்துவிட்டு ஐந்தாவது முறை பந்தை லாலாங் புல்லுக்குள் அனுப்பினார். நான் அருகில் போய் மலாயில் பணிவாகத்தான் சொன்னேன். டத்தோ கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "பணம் கட்டித்தானே விளையாடுகிறோம், இந்த நேரமும் நாங்கள் வாங்கியதுதான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் நிற்பவர்களும் பணம் கட்டியவர்கள்தாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தொப்பி போட்ட ஒரு மாணவன் டத்தோவிடம் அதைச் சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா என்பது வேறு கேள்வி.

சற்று நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். ஒன்றும் பேசாமல் லாலாங்குக்குள் இறங்கிப் பந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவர்களுடைய பகி வண்டிகளைக் கிரீனுக்கு முன்னால் விடாமல், அடுத்த குழிக்குப் போகிற வழியில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். புள்ளி அட்டையை எழுதக் கிரீனிலேயே நின்றவரிடம், "அடுத்த டீ மேடையில எழுதிக்கலாம் பாஸ், அங்க நிழல் இருக்கு" என்றார். கடைசியில் டத்தோவைப் பார்த்து, "முன்னால உள்ள ஃபிளைட் ஒன்பதாவது குழியில இருக்கு. நீங்க அடிக்கிற அடிக்கு அவங்களைப் பிடிச்சிடலாம்" என்றாரே பார்க்கலாம்! டத்தோ பதினோராவது குழிக்குள் அவர்களைப் பிடித்துவிட்டார். முகத்துதி என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அண்ணன் செய்த நான்கு காரியங்களில் மூன்று வெறும் நடைமுறை அறிவு, புகழ்ச்சி நான்காவதுதான்.

நான் புள்ளியியல் படிக்கிறவன். அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் 95 அடிகளில் ஆட்டத்தை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 380 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் வீணாகும் 10 விநாடியை மிச்சப்படுத்தினால் 3,800 விநாடிகள், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல்! யாரும் ஓட வேண்டியதில்லை. தன் முறை வருவதற்குள் எந்த மட்டை என்று முடிவு செய்து வைத்திருந்தால் போதும்.

கோல்ஃப் விதிகளும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டு திருத்தத்தில், தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆடத் தடையில்லாத நிலை வந்தபின் 40 விநாடிக்குள் அடிப்பது நல்லது என்று பரிந்துரை சேர்ந்தது. கொடிக்கம்பைப் பிடுங்காமலே கிரீனிலிருந்து பந்தை உருட்டலாம் என்றானது. அடிகளை எண்ணும் ஆட்டத்தில், தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று காத்திராமல், ஆயத்தமாக இருப்பவர் பாதுகாப்பாக அடித்துவிடலாம் என்று விதியே ஊக்கப்படுத்துகிறது. தண்டனையும் இருக்கிறது. 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் மெதுவாக ஆடியதற்காக ஒரு அடி தண்டனை பெற்றவர் சீனாவின் குவான் தியன்லாங். அப்போது அவருக்கு வயது 14! அதையும் தாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுகளுக்கு அவர் தகுதி பெற்றார். அந்தத் தண்டனை சரிதான் என்று என் மூளை சொல்கிறது. ஆனால் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் யோசிக்கும் விளையாட்டில் ஒரு பையன்தானா அகப்பட்டான் என்றும் தோன்றாமலில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆட்டக்காரர்களைப் பற்றியது. மூன்றாவது வாரம் என் எண்ணம் கொஞ்சம் மாறியது. அதற்குக் காரணம் கேடி வேலை பார்த்த ஓர் அக்கா.

கேடிகளுக்கு மாதச் சம்பளம் இல்லை. சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று கிடைத்தால்தான் அந்த நாள் நாளாகும். எட்டேமுக்காலுக்குக் கிளம்பிய ஃபிளைட் ஒன்றேகாலுக்கு முடிந்தால் ஒன்றரை மணிச் சுற்றுக்குப் பெயர் கொடுக்கலாம். இரண்டு மணிக்கு மேல் இழுத்தால் அது வேறொருவருக்குப் போய்விடும். ஒரு ஞாயிறன்று அக்கா திரும்பி வந்தபோது மணி இரண்டேகால். பசியாறிய ரொட்டி சானாய்க்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. "உங்க ஃபிளைட்டு மெதுவா ஆடினாங்களாக்கா?" என்று கேட்டேன். "இல்லப்பா, நல்லாத்தான் ஆடினாங்க. ஒவ்வொரு பார் மூணுலயும் முன்னால ரெண்டு ஃபிளைட் உட்கார்ந்திருக்கு. நாங்க எங்க போறது?" என்றார்.

இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. பார் 4, பார் 5 குழிகள் நீளமானவை. முன்னால் போனவர்கள் இரண்டாவது அடி அடித்து நகர்ந்ததும் பின்னால் உள்ளவர்கள் தொடங்கிவிடலாம். பார் 3 அப்படியல்ல. முன்னவர்கள் கிரீனை விட்டு இறங்கும் வரை பின்னவர்கள் டீ மேடையில் நிற்க வேண்டும். ஒற்றைக் கதவு மாதிரி. எங்கள் திடலின் முதல் பார் 3, நான்காவது குழி. கடிகாரத்தோடு போய் அங்கே உட்கார்ந்தேன். ஒரு ஃபிளைட் அதைக் கடக்கச் சராசரியாக 9 நிமிடம் ஆனது. ஆனால் மன்றம் ஃபிளைட்டுகளை அனுப்பிய இடைவெளி 7 நிமிடம்!

மிச்சத்தை நீங்களே கணக்கிடலாம். ஒவ்வொரு ஃபிளைட்டும் தனக்கு முன்னால் போனதைவிட 2 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். காலை 7 மணியிலிருந்து 9.30 வரை 22 ஃபிளைட்டுகள். கடைசி ஃபிளைட் அந்த ஒரு கதவில் மட்டும் 42 நிமிடம் நிற்கும். இதில் எந்த ஆட்டக்காரருடைய தவறும் இல்லை. டத்தோவே பறந்து பறந்து ஆடினாலும் பயனில்லை. 10 நிமிட இடைவெளி விட்டால் அந்த நெரிசலே இராது. ஆனால் 22 ஃபிளைட்டுகள் 16 ஆகிவிடும். 24 பேருடைய கட்டணம் போய்விடும். இடைவெளி ஏன் 7 நிமிடம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையா? டீ மேடைகளின் ஓரத்தில் 'விரைந்து ஆடுங்கள்' என்று பலகை நட்டுவைத்தவர்களும் இதே நிர்வாகத்தினர்தாம்.

அட்டவணையைப் பார்த்த அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தம் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எந்த ஃபிளைட் எந்தக் குழியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று பல ஆண்டுகளாக எழுதி வைத்திருக்கிறார்! "கேட்டா காட்டலாம்னு வெச்சிருந்தேன். யாரும் கேக்கல" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் நான்கு நாள் உட்கார்ந்து அளந்ததை அவர் எப்போதோ அறிந்திருந்தார். என்னிடம் இருந்தது கணினியில் ஒரு வரைபடம் போடத் தெரிந்த திறமை மட்டுந்தான்.

இருவரும் சேர்ந்து ஒரு பக்க அறிக்கை தயாரித்தோம். அதில் பத்து நிமிடம் என்று கேட்கவில்லை. அண்ணன்தான் வேண்டாம் என்றார்: "பத்து கேட்டா கதவைச் சாத்திடுவாங்க தம்பி. ஒன்பது கேளு." அதோடு பார் 3 குழிகளில், நான்கு பந்துகளும் கிரீனுக்கு வந்ததும் முன்னவர்கள் ஒதுங்கி நின்று, பின்னவர்களைக் கை காட்டி அடிக்கவிடும் முறையையும் சேர்த்தோம். மன்ற நிர்வாகி அறிக்கையைப் புரட்டிவிட்டு, உறுப்பினர்களின் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். மழைக்காலத்தில் இரண்டு மணிக்கெல்லாம் இடி எச்சரிக்கைச் சங்கு ஊதி, பாதி ஆட்டத்தில் ஃபிளைட்டுகள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கேட்பது அவருக்கும் தலைவலிதான். அந்த ஒரு வரியில்தான் அவர் கண் சற்று நின்றது.

தவணை தொடங்கி நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரம், அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் பகி வண்டியின் சத்தம். "தம்பி, சனிக்கிழமை மட்டும் ஒன்பது நிமிஷம் போட்டிருக்காங்க. கடைசி ஃபிளைட்டு நாலு மணி முப்பத்தஞ்சு நிமிஷத்துல உள்ள வந்திருச்சு. அக்காவுக்கு ரெண்டாவது சுத்து கெடைச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை இன்னும் அதே ஏழுதான். நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் வர்றேன்."