நோயறிந்த கை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே அமைந்துள்ளது சுங்குவார்சத்திரம். வழிப்போக்கர் தங்கிய காலத்தைப் பெயரில் தாங்கி நிற்கும் இவ்வூரைக் கடந்து, இன்று ஆலைப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் இரவு பகலாய்ச் சென்றுகொண்டிருக்கின்றன. இங்கே ஒரு மாலைப்பொழுதில் நாம் கற்ற பாடத்தைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடம் இருப்பது இருபது வயதைக் கடந்த கார். சில வாரங்களாக அதன் ஸ்டியரிங் கனத்துவந்தது. திருப்பும்போதெல்லாம் ஊளையிடுவது போன்ற ஓசையும் எழுந்தது. நகரத்துப் பணிமனை ஒன்றில் காட்டினோம். சக்கரத்தை இருமுறை திருப்பிப் பார்த்தவர், "ரேக் போய்விட்டது, மாற்ற 22,000 ரூபாய் ஆகும்" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணம் நம் நினைவில் வந்து நின்றது.

இந்நிலையில், காஞ்சிபுரத்திலிருந்து தாயாரை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், சுங்குவார்சத்திரம் அருகே வண்டியைத் திருப்ப முயன்றோம். சக்கரம் பாதியில் கனத்து நின்றது. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. முழு வலிமையையும் கூட்டித் திருப்பித் தப்பினோம். பவர் ஸ்டியரிங்கின் துணை அற்றுப்போனாலும் சக்கரங்களோடு உள்ள இணைப்பு அறுவதில்லை என்பதே அன்று நம்மைக் காத்தது. அல்ஹம்துலில்லாஹ்!

சாலையோரத்துச் சிறு பட்டறையில் முதியவர் ஒருவர் இருந்தார். "பாய், ரேக் போய்விட்டதாம்" என்றோம். "அதைப் பிறகு பார்ப்போம் சார். எப்போது கனக்கிறது? இரு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?" என்று வினவினார். நோயாளியிடம் பேசும் மருத்துவரைப் போன்றிருந்தது அவர் கேட்ட முறை.

முதலில் டயர்களின் காற்றை அளந்தார். காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்குமாம். அடுத்துப் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், தளர்ச்சியில்லை. ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைகளைப் பிசைந்தார். ரேக் கசிந்திருந்தால் அவற்றுள் எண்ணெய் தேங்கியிருக்கும், அவையோ உலர்ந்திருந்தன. இறுதியாக, எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் டப்பாவைத் திறந்தார். ஆற்றிய தேநீரைப்போல் எண்ணெய் நுரைத்திருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. டப்பாவிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயின் மூட்டில் சிறிது எண்ணெயைத் தடவினார். ஊளை சட்டென அடங்கிற்று!

"இது உறிஞ்சும் பக்கம். இங்கே இடுக்கு விழுந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாமலேகூடக் காற்று உள்ளே புகுந்துவிடும். எண்ணெயைப் போலன்றிக் காற்று சுருங்கிவிடும், அழுத்தம் பிறக்காது" என்று விளக்கினார். குற்றவாளி, இறுகிப்போன ஓர் ஓரிங்! அதை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றி, முன்சக்கரங்களைத் தரையினின்று தூக்கி, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றினார். கோடி வரை திருப்பிச் சில வினாடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் எண்ணெய் சூடேறிப் பம்பு கெடும் என்றும் எச்சரித்தார். எண்ணெய் உட்பட 600 ரூபாய் பெற்றுக்கொண்டார்.

கூடுதலாய்க் கொடுக்க முற்பட்டோம். "வண்டி நீங்கள் ஒப்படைத்த அமானிதம் சார். இல்லாத நோயைச் சொல்வதும், செய்யாத வேலைக்குக் காசு பெறுவதும் ஒன்றுதான்" என்று மறுத்துவிட்டார்.

1926இல் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் பவர் ஸ்டியரிங்கைக் காரில் பொருத்திக் காட்டினார்; 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய புதிய கார்களிற் பெரும்பாலானவற்றில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டாரே அப்பணியைச் செய்கிறது. எனவே பெரியவரின் கைத்திறன் நாளை தேவைப்படாமற் போகலாம். எனினும் கேட்டறிதல், எளியதை முதலில் சோதித்தல், சான்று கிடைக்கும்வரை தீர்ப்பு வழங்காதிருத்தல் ஆகிய அவரது முறை பழையதாகிவிடுமா?

வீடு திரும்பும் வழியில் நம் வகுப்பு மாணவர் ஒருவரின் முகம் நினைவில் வந்தது. முதல் மணியிலேயே உறங்கும் அவரைச் சோம்பேறி என்று பலர் முன் கடிந்திருந்தோம். மறுநாள் தனியே அழைத்து, முதன்முறையாகக் கேட்டோம். தந்தை நோயுற்றபின், ஒரகடத்தில் இரவுப் பணி முடித்து நேரே வகுப்புக்கு வருகிறாராம்.

அந்த ஒரு கேள்வியை ஆறு மாதங்களாக நாம் கேட்கவில்லை. வாசலில் நின்ற காரின் ஸ்டியரிங் அன்று இலேசாகத் திரும்பிற்று; நம் நெஞ்சுதான் கனத்திருந்தது.