கடல் கடந்த வடை

நம் அடுக்களையில் புழங்கும் பொருள்களின் பிறப்பிடத்தை நாம் பெரும்பாலும் கேட்டறிவதில்லை. பெருநாளன்று பாயசத்தில் இடும் முந்திரி, பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாடு வந்து சேர்ந்தது. ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளியும் அமேசான் காட்டின் தென்மேற்கு விளிம்பில் மக்கள் முதன்முதலில் பயிரிட்ட கிழங்கே. ஆகவே, பிரேசில் உணவை வீட்டில் சமைக்க வேண்டுமென்று என் மகள் விரும்பியபோது, வேண்டிய பொருள்களுக்கு மதுரைக் கடைவீதியே போதுமானதாயிற்று.

பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்தவற்றை முதலிலேயே ஒதுக்கினோம். எஞ்சியவற்றுள் அவள் தேர்ந்தெடுத்தது ‘அக்கராஜே’. பாஹியா மாநிலத்துத் தெருக்களில் வெள்ளுடை அணிந்த பெண்கள் சுட்டு விற்கும் பண்டம் அது. தட்டைப்பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயத்துடன் அரைத்து, மாவை நுரைக்க அடித்துப் பொரித்தெடுக்க வேண்டும். அங்கே செம்பனை எண்ணெய். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய். வெந்ததைப் பிளந்து, முந்திரி, தேங்காய்ப்பால், உலர்ந்த இறால் சேர்த்துக் கிளறிய விழுதை உள்ளே வைப்பார்கள். பருகுவதற்குக் கரும்புச்சாறு. அவர்களும் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்கள். மேலூர்ச் சாலையில் நாமும் அப்படித்தான் குடிக்கிறோம்.

ஒரு வாய் உண்ட என் தாயார், “இது நம்ம தட்டைப்பயறு வடைதானே! இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?” என்றார்.

நாங்கள் போன தூரம் சிறிது. அந்த வடை போன தூரமே பெரிது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் அதை ‘அக்கரா’ என்பர். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் உழைக்க அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கைப்பொருள் ஏதும் கொண்டு செல்லவில்லை. கைப்பக்குவத்தை மட்டுமே கொண்டு சென்றனர். அவ்வாறு பிரேசில் கரையில் இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 48 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். 1888ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். ‘மாலே’ என்று அழைக்கப்பட்ட அவர்கள், அடிமை வேலைக்கிடையே கிடைத்த நேரத்தில் கூடியிருந்து அரபெழுத்துக் கற்றனர், தொழுதனர். 1835ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் இரவு, சால்வடோர் நகரில் அவர்கள் விடுதலை வேண்டிக் கிளர்ந்தெழுந்தனர். அது ஹிஜ்ரி 1250, ரமளானின் கடைசிப் பத்து நாள்களுள் ஓர் இரவு. விடிவதற்குள் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். பிடிபட்டோர் பலர் கசையடி பட்டனர், நாடு கடத்தப்பட்டனர்.

மாலேக்களுள் யொருபா மக்களோடு ஹவுஸா மக்களும் இருந்தனர். இன்றும் வட நைஜீரியாவின் ஹவுஸா முஸ்லிம்கள், நோன்பு திறக்கையில் தானியக் கஞ்சியோடு இதே பயற்று வடையை உண்கின்றனர். ‘கொசாய்’ என்பது அவர்கள் இட்ட பெயர். நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியோடு வடை சேர்வதை நினைத்துப் பாருங்கள். ஒருவரையொருவர் கண்டிராத மக்கள், பசித்திருந்த மாலையில் ஒரே விதமாகக் கைநீட்டுகிறார்கள்!

அயல்நாட்டு உணவைச் சமைப்பது நாவுக்குப் புதுமை தரலாம். அதை யார் எந்தத் துன்பத்தினூடே காத்துத் தந்தார்கள் என்று அறிந்து உண்பதே அவ்வுணவுக்கு நாம் செய்யும் மரியாதை. கரும்புச்சாற்றின் இனிப்பு குறையவில்லை; அதற்கு விலை கொடுத்தவர்கள் யாரென்று இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வருகிற ரமளானில் ஒரு மாலை கஞ்சியோடு இந்த வடையையும் வைக்குமாறு தாயார் சொல்லியிருக்கிறார். இறால் மட்டும் வேண்டாமாம்.