படுத்துப் பார்த்துக் கட்டு

சண்டை வெஸ்ட்டைக் கண்ணாடி முன்னால் நின்று சரிபார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. நிற்கும்போது எந்த வெஸ்ட்டும் கச்சிதமாகத்தான் தெரியும். பவுச்சுகள் வரிசை கட்டி நிற்கும், பட்டைகள் இறுக்கமாக இருக்கும், போட்டிருப்பவன் நெஞ்சை நிமிர்த்தியிருப்பான். அவனைக் குப்புறப் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் ஊன்றச் சொல்லுங்கள். குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு மகசினை உருவி மாற்றச் சொல்லுங்கள். பவுச் வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். முதுகிலிருக்கும் தண்ணீர்ப் பை ஹெல்மெட்டின் பின்விளிம்பை முட்டித் தள்ள, முன்விளிம்பு கண்ணை மறைக்கும். மகசினை எடுக்க அவன் ஒரு பக்கமாகப் புரண்டு எழும்புவான். எதிரிக்கு வேண்டியது அந்த ஒரு எழும்பல்தான்.

சிங்கப்பூர் ராணுவத்தில் காலாட்படைப் பயிற்றுநராக இருந்த காலமெல்லாம் பையன்களிடம் நான் ஓயாமல் சொன்னது இதுதான்: வெஸ்ட்டைப் படுத்துப் பார்த்துக் கட்டு. "நின்னா சரியாத்தானே இருக்கு சார்ஜண்ட்?" என்று யாராவது ஒருவன் கேட்பான். "நின்னுக்கிட்டா சுடப்போற? படு" என்பேன். காலாட்படைக்காரன் நடக்கிறான், ஓடுகிறான், வண்டியில் உட்காருகிறான். ஆனால் சுடுவதும், சுடப்படாமல் தப்புவதும், அடிபட்ட கூட்டாளிக்குக் கட்டுப்போடுவதும் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாக நடக்கிற வேலைகள். வெஸ்ட்டின் ஒவ்வொரு பவுச்சும் அந்த நேரத்துக்காகத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

சுமையைச் சிப்பாயின் உடம்பில் எங்கே ஏற்றுவது என்ற கேள்வி பழையது. போயர் போரில் பிரிட்டிஷ் படை பட்ட பாடு ஒரு திருப்பம். தோல் பட்டைகள் நனைந்து நெகிழ்ந்து, தோட்டாக்கள் கழன்று விழுந்தன. அதற்கு விடையாக வந்ததுதான் மில்ஸ் நிறுவனம் நெய்த 1908 பேட்டர்ன் பருத்தி வெப்பிங். முன்னால் பத்துச் சின்னப் பவுச்சுகள்; ஒவ்வொன்றிலும் 15 தோட்டா, மொத்தம் 150. பின்னால் மூட்டை. முழுவதையும் சட்டை போடுவதுபோல ஒரே வீச்சில் மாட்டலாம், கழற்றலாம். முன்பாரமும் பின்பாரமும் ஒன்றையொன்று தாங்கியதால், இடுப்பு பக்கிளை அவிழ்த்துவிட்டாலும் நிலைகுலையாது. நூறு வருடத்துக்கு மேலாகியும் ஒரு வெஸ்ட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த முன்பின் சமநிலையைத்தான்.

பிறகு வந்தவை இரண்டு பாதையில் பிரிந்தன. ஒன்று இடுப்பு பெல்ட்டை நம்பியது. அமெரிக்கர்கள் 1973இல் ஏற்ற ஆலிஸ் அமைப்பு அந்த வகை. எங்களிடம் முன்பு இருந்த எஸ்பிஓவும் அப்படித்தான்: பெல்ட், தோள்பட்டை, பவுச்சுகள், தண்ணீர் பாட்டில். பாரம் இடுப்பில் இறங்குவதால் நடக்கச் சுகம். நெஞ்சு காலியாக இருப்பதால் படுக்கவும் சுகம். வண்டியில் ஏறினால்தான் தொல்லை. பாட்டில்கள் இடுப்பைக் குத்தும், சீட்டில் முதுகு சாயாது. இன்னொரு பாதை நெஞ்சில் கட்டுவது. வியட்நாம் போரில் ஏகே துப்பாக்கிக்காரர்கள் கட்டிய சீன நெஞ்சுப் பவுச்சும், ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்கள் விரும்பிப் போட்ட லிஃப்சிக்கும் இந்த வகை. வண்டிக்கு அருமை, மாட்டவும் கழற்றவும் எளிது. ஆனால் படுத்தால் மகசின்கள் மேல்தான் படுக்க வேண்டும். உடம்பு தரையிலிருந்து உயர்ந்துவிடும்.

வெஸ்ட் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பாரத்தை நெஞ்சு, விலா, முதுகு என்று பரப்பிப் போடுகிறது. அமெரிக்கர்கள் 1988இல் கொண்டுவந்த வெஸ்ட்டில் ஒரு பெரிய குறை இருந்தது: பவுச்சுகளைத் துணியோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள். ஆறு மகசின், இரண்டு கையெறிகுண்டு, எல்லாம் தையற்காரர் வைத்த இடத்தில்தான். நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் ஒரே இடம். தொண்ணூறுகளின் கடைசியில் மாலி அமைப்பு வந்தபோதுதான் அது தீர்ந்தது. ஒரு அங்குல அகல நாடாக்களை ஒரு அங்குல இடைவெளியில் வரிசையாக வைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டிருப்பார்கள். பவுச்சை எந்த வரிசையிலும் மாட்டலாம். இப்போது உலகத்தில் பல படைகள் இந்த அளவைத்தான் பின்பற்றுகின்றன. எங்கள் சிங்கப்பூர் வெஸ்ட்டான ஐஎல்பிவியில் பவுச்சை இடம் மாற்ற முடிவதும் இதே எண்ணத்தால்தான்.

மாட்டும் முறையில் பலர் அவசரப்படுகிறார்கள். பவுச்சின் பட்டையை வெஸ்ட் நாடாவுக்குள் ஒரு தடவை, பவுச்சின் முதுகிலிருக்கும் நாடாவுக்குள் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும், பாய் முடைவதுபோல. ஒரு வரிசையை விட்டுவிட்டாலும் பவுச் ஆடும். நிற்கும்போது அந்த ஆட்டம் தெரியாது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் அரை அங்குலம் தொங்கி மேலேறும். அரை மணி நேரத்தில் விலாவில் தோல் உரிந்துவிடும்.

தேசியச் சேவைக்கு வரும் பையனுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரிதாக இல்லை. கொடுத்ததைத்தான் போட வேண்டும். எது எங்கே என்று யூனிட்டின் எஸ்ஓபி என்ற நடைமுறை விதியும் சொல்லிவிடும். அதற்குள்ளும் அளவு, உயரம், சாய்வு என்று விரல்கடைச் சுதந்திரம் இருக்கிறது. எல்லா வித்தையும் அந்த விரல்கடையில்தான்.

முதல் விதி: காலி வெஸ்ட்டைச் சரிசெய்யக் கூடாது. 5.56 தோட்டா முப்பது நிரப்பிய மகசின் ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ. ஆறு வைத்தால் மூன்று கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இவ்வளவும் ஏறியதும் துணி இறங்கும், தோள்பட்டை நீளும், காலியாக இருந்தபோது தொப்புளுக்கு மேல் நின்ற கீழ்விளிம்பு தொடை மடிப்பைத் தொடும். ஆகவே முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டுத்தான் பட்டையைத் தொட வேண்டும். தோளை முதலில் சரிசெய்யுங்கள். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தால் கீழ்விளிம்பு தொடையில் இடித்து வெஸ்ட்டை மேலே தள்ளக் கூடாது. அடுத்தது பக்கவாட்டுப் பட்டை. நெஞ்சு முட்ட மூச்சிழுத்து, அந்த நிலையில் இறுக்க வேண்டும். மூச்சை விட்டுவிட்டு இறுக்கியவன் முதல் மேடு ஏறியதும் திணறுவான். சிங்கப்பூர் ஈரக்காற்றில் இது சின்ன விஷயமில்லை.

எங்கள் துப்பாக்கி எஸ்ஏஆர் 21. காலியாக 3.82 கிலோ, நீளம் 80 சென்டிமீட்டர் சொச்சம். மகசின் விசைக்குப் பின்னால், அக்குளை ஒட்டி நுழையும். வெஸ்ட் விஷயத்தில் இது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. எம்16 காரன் கையை முன்னே நீட்டி மகசின் மாற்றுவான். எங்கள் பையன் கையை உள்ளே மடக்கி, தன் மார்போரமாகக் கொண்டுவர வேண்டும். எனவே முதல் மகசின் இடது மார்பின் கீழ்ப்பகுதியில், சற்றுப் பக்கவாட்டில் இருப்பதுதான் கைக்கு இசைவு. நடுவயிற்றில் வைத்தால் படுத்ததும் புதைந்துபோகும். முழுக்க விலாப்பக்கம் தள்ளினால் முழங்கை மடங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு இடம் உண்டு. கண்ணை மூடி, படுத்தபடி, கை தானாக எங்கே போகிறதோ அங்கே பவுச்சின் வாய் இருக்க வேண்டும். பவுச்சைத் தேடிக் கை போகக் கூடாது.

மகசினைத் தலைகீழாகச் செருகுங்கள், தோட்டா வெளிப்படும் வாய் கீழே பார்க்கும்படி. மழையும் மணலும் உள்ளே இறங்காது. உருவும்போது அடிப்பாகம் உள்ளங்கைக்கு வரும். எல்லா மகசினும் ஒரே திசையைப் பார்க்கட்டும். எந்தத் திசை என்பதைத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலைந்து தடவை மாற்றிப் பார்த்தால் மணிக்கட்டே சொல்லிவிடும். எஸ்ஏஆர் 21 மகசின் உள்ளே தெரியும் பிளாஸ்டிக்; எத்தனை தோட்டா மிச்சம் என்று பகலில் கண்ணால் பார்க்கலாம். இரவில் அது உதவாது. அதனால் காலியானது நிரம்பியவை இருக்கும் பவுச்சுக்குத் திரும்பவே கூடாது. அதற்குத் தனிப் பை ஒன்று, கண்டிப்பாக.

வலது தோளில் துப்பாக்கியின் அடிக்கட்டை உட்காரும் குழி இருக்கிறது. அங்கே பக்கிளோ, தண்ணீர்க் குழாயோ, மடித்த பட்டையோ வரக் கூடாது. விரல் தடிமன் பொருள் அங்கே இருந்தாலும் அடிக்கட்டை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் உட்காரும், சுடுவது சிதறும். குழாயை இடது தோள் வழியாகக் கொண்டுவாருங்கள்.

தண்ணீர்ப் பையை நிரப்பியதும் மூடியை இறுக்கி, பையைக் கவிழ்த்துப் பிடித்து, குழாய் வழியாக உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுங்கள். காற்று தீர்ந்து தண்ணீர் வாய்க்கு வரும்வரை உறிஞ்ச வேண்டும். இதைச் செய்யாத பை நடக்கும்போது களக் களக் என்று சத்தம் போடும். நிசப்தமான காட்டில் இரவில் அது நெடுந்தூரம் கேட்கும். பாட்டிலாக இருந்தால் அரைகுறையாகக் குடித்து வைக்காமல், ஒன்றை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். செக்‌ஷனில் ஆளுக்கு ஆள் பகிர்ந்தாவது. பையை முதுகில் எவ்வளவு கீழே இறக்க முடியுமோ இறக்குங்கள். படுத்துத் தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் வேண்டும். எஸ்ஏஆர் 21 குறிநோக்கியில் கண் சரியான தூரத்தில் நிற்க இந்த இடைவெளிதான் வழிவிடுகிறது.

முதலுதவிக் கட்டு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெஸ்ட்டில் மற்றதெல்லாம் உங்களுக்கு. இது உங்களைக் காப்பாற்ற வருகிறவனுக்கு. அடிபட்டவனுக்கு அவனுடைய கட்டையே போடுவதுதான் முறை. வந்தவன் தன் கட்டை உங்களுக்குப் போட்டுவிட்டால், அவன் சுடப்படும்போது அவனுக்கு எது மிச்சம்? ஆகவே செக்‌ஷனில் அத்தனை பேருக்கும் ஒரே இடம். ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகெட்டும் அப்படியே. அதை உங்கள் வலது கையாலும் எட்ட முடிய வேண்டும், இடது கையாலும் எட்ட முடிய வேண்டும். எந்தக் கையில் அடிபடும் என்று யாருக்குத் தெரியும். நான் பயிற்றுவித்த செக்‌ஷன்களில் விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருப்பவனின் கட்டைத் தேடி எடுக்கச் சொல்வேன். யாருடையது கிடைக்கவில்லையோ அவனுடைய வெஸ்ட்டை அன்றிரவே செக்‌ஷன் மொத்தமும் உட்கார்ந்து மாற்றிக் கட்டும். தண்டனையாக அதைச் செய்ததில்லை. அவன் உயிர் கூட இருப்பவர்கள் கையில் இருக்கிறது, அந்தக் கைகளுக்கு வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எதை விடுவது என்பது எதை வைப்பது என்பதைவிடக் கடினம். அமெரிக்க ராணுவத்தின் 1990 நடைப்பயணக் கையேடு சண்டைச் சுமைக்கு 48 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோ, எல்லை வகுத்தது; உடையும் ஆயுதமும் உட்பட. அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950லேயே சிப்பாயின் சுமையைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டு, பயத்தாலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற புத்தியாலும் ஆளை மூழ்கடிக்காதீர்கள் என்று வாதாடினார். சிங்கப்பூரின் பீச் ரோட்டில் ராணுவச் சாமான் விற்கும் கடைகளுக்கு ஒரு சனிக்கிழமை போனால் அந்தப் புத்தி எவ்வளவு உயிரோடிருக்கிறது என்று தெரியும். கொக்கி, கூடுதல் பவுச், கத்தி உறை என்று பையன்கள் வாங்கிக் குவிப்பார்கள். அங்கே நான் வாங்கச் சொல்வது மூன்றே பொருள்: கறுப்பு டேப், நல்ல நைலான் கயிறு, தடித்த ரப்பர் பட்டை. புருணையின் தெம்புரோங் காட்டுக்குள் ஒரு நாள் நடந்தவனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் பிரம்புக்கொடி பிடித்து இழுக்கும்.

பட்டைகளின் மிச்ச நுனியைச் சுருட்டி டேப் ஒட்டுவது எல்லாருக்கும் தெரியும். டேப்பின் கடைசி அரை அங்குலத்தை உள்பக்கமாக மடித்து ஒரு சின்னக் காது விட்டுவைப்பது சிலருக்கே தெரியும். நனைந்த விரலோ கையுறையோ அந்தக் காதைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிடும். காது இல்லாத டேப்பை இருட்டில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் குதித்துப் பாருங்கள். சத்தம் எந்தப் பவுச்சிலிருந்து வருகிறதோ அதற்குள் துணி வையுங்கள் அல்லது ரப்பர் பட்டையால் இறுக்குங்கள்.

ரிசர்விஸ்ட்டுக்குத் திரும்பி வரும் பெரியவர்களுக்கும் ஒன்று. இருபது வயதில் கட்டிய அளவு முப்பதில் உங்களுக்குப் பொருந்தாது. தொப்பை வந்தவருக்குப் பவுச்சுகள் இரண்டு விரல் பக்கவாட்டில் நகர வேண்டும், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. முகாமுக்கு வந்த முதல் நாளே எல்லாப் பட்டையையும் கடைசிவரை தளர்த்துங்கள். தண்ணீரும் மகசினும் ஏற்றி, தோளிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய டேப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்டோரில் கிடந்து பசை இறுகிப்போயிருக்கும். முதல் மழையிலேயே கழன்று பட்டை தொங்கும். உரித்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.