ஜுரா மலையில் ஒரு பட்டறை

ஸ்விட்ஸர்லாந்துக்குப் பிரயாணம் போகிறவர்களில் சிலர் பனிமலைகளைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் உடம்பு தேறப் போகிறார்கள். நான் போனதோ ஒரு தீப்பெட்டியின் நிமித்தம்.

அந்தத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சுண்டுவிரல் நகத்தினும் சிறிய நுனியை உடைய ஓர் எஃகுத் துண்டு. மற்றொன்று, விளிம்பில் ரப்பர் கட்டிய சிறு சக்கரம். இரண்டும் எங்கள் வீட்டில் பரண் மேல் கிடந்த புரொஜெக்டரின் உறுப்புகள். என் சிற்றப்பா 1950-களில் வெளிநாட்டு உத்தியோகத்திலிருந்து திரும்பியபோது ஒரு ஸினிமாக் காமிராவையும் இந்தப் புரொஜெக்டரையும் வாங்கி வந்தார். குடும்பத்தில் நடந்த கல்யாணங்களையும் பண்டிகைகளையும் எட்டு மில்லிமீட்டர் பிலிமில் படம் பிடித்தார். அவர் காலமான பிறகு சுருள்களும் யந்திரமும் ஒரே பெட்டியில் உறங்கின.

பல வருஷங்கள் கழித்து, ஒரு பொங்கலன்று வீட்டுக் குழந்தைகள் கேட்டார்களே என்று பெட்டியைத் திறந்தேன். துடைக்கவில்லை, எண்ணெய் போடவில்லை, ஸ்விச்சைப் போட்டுவிட்டேன். சுவரில் எங்கள் பாட்டி வாசலில் குனிந்து கோலம் போட்டுக் கொண்டிருந்தாள். பாட்டி அசைவதைக் காட்டும் படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அவள் நிமிரப் போகும் சமயத்தில் 'கட கட'வென்று ஒரு சத்தம். பாட்டியின் உருவம் மேலும் கீழும் துள்ளிற்று. நான் ஓடி நிறுத்துவதற்குள் ஓர் அடி நீளத்துக்குப் பிலிமின் துளைகள் கிழிந்துவிட்டன. எட்டு மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு எண்பது படங்கள். விநாடிக்குப் பதினாறு வீதம் ஓடினால் ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடியைக் கெடுத்தது யந்திரம் அல்ல, என் அவசரமே. குற்றவாளி நானாக இருந்தபடியால் பரிகாரம் தேடுவதும் என் கடமையாயிற்று.

புரொஜெக்டரின் அடியில் ஒரு தகட்டில் அது பிறந்த ஊரின் பெயர் பொறித்திருந்தது: ஸாந்த்-க்ருவா.

பரிசுத்தச் சிலுவை என்று பொருள்படும் இந்த ஊர், பிரெஞ்சு பேசும் வோ மாகாணத்தில், பிரான்ஸ் தேசத்து எல்லையை ஒட்டிய ஜுரா மலையில் இருக்கிறது. கீழே ஏரிக்கரையில் இவெர்டோன் நகரம். அங்குள்ள பழைய கோட்டையில்தான் பெஸ்டலாஸி என்னும் கல்வி மேதை 1805 முதல் 1825 வரை பள்ளிக்கூடம் நடத்தினார். தலைக்கும் இருதயத்துக்கும் மட்டுமல்ல, கைக்கும் கல்வி வேண்டும் என்று போதித்தவர் அவர். மலை ஏறுவதற்கு முன் அந்தக் கோட்டையை ஒரு தடவை சுற்றி வந்தேன். நான் தேடிப் போனதும் கைக் கல்வியைத்தானே!

இவெர்டோனிலிருந்து ஸாந்த்-க்ருவாவுக்கு மீட்டர் கேஜ் ரயில் போகிறது. ஏறக்குறைய 435 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 24 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, 1,066 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளத்தாக்கு. இந்தப் பாதை 1893-ல் திறக்கப்பட்டது. பணம் உதவிய வில்லியம் பார்பே என்ற செல்வர் தெய்வபக்தி மிகுந்தவர். இருபத்தைந்து வருஷ காலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஓடக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டாராம். நல்ல வேளையாக நான் போனது செவ்வாய்க்கிழமை. நிபந்தனையும் எப்போதோ காலாவதியாகிவிட்டது.

ஊரைக் கண்டதும் எனக்குச் சிறிது ஏமாற்றமே உண்டாயிற்று. கண்ணைப் பறிக்கும் மாளிகைகள் இல்லை. சரிவான கூரை போட்ட வீடுகள். நடுவே வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த பழைய தொழிற்சாலைக் கட்டிடங்கள். ஆனால் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

மழையும் பனியும் மிகுந்த இந்த மலையில் விவசாயம் வருஷத்தில் சில மாதங்கள்தான். மாரிக்காலத்தில் ஜனங்கள் வீட்டுக்குள் அமர்ந்து பெண்கள் சரிகைப் பின்னலும் ஆண்கள் கடிகார வேலையும் செய்து வந்தார்கள். 1796-ல் ஜெனீவா நகரத்து ஆன்ட்வான் ஃபாவ்ர் என்ற கடிகாரக்காரர், எஃகுப் பற்களை மீட்டித் தானே பாடும் பெட்டியைக் கண்டுபிடித்தார். சில வருஷங்களில் அந்த வித்தை மலையேறி ஸாந்த்-க்ருவாவுக்கு வந்தது. 1814-ல் பாயார் குடும்பத்தார் தொழில் தொடங்கினார்கள். உருளையில் ஆயிரக்கணக்கான ஊசிகளை நட்டு, சீப்புப் போன்ற எஃகுத் தகட்டின் பற்களை ஒவ்வொன்றாக அராவிச் சுருதி சேர்த்து, உலகத்துக்கெல்லாம் இசைப் பெட்டிகளை அனுப்பினார்கள்.

பிறகு வந்தது இடி. 1877-ல் எடிஸன் பேசும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். மனிதன் குரலே பெட்டியிலிருந்து வரும்போது ஊசிகளின் பாட்டை யார் கேட்பார்கள்? இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இசைப் பெட்டித் தொழில் படுத்துவிட்டது. ஊரும் படுத்திருக்க வேண்டும், ஆனால் படுக்கவில்லை. பாயார் கம்பெனியும், 1883-ல் இங்கே தோன்றிய தோரென்ஸ் கம்பெனியும் கிராமபோன் செய்யத் தொடங்கின. பிறகு டைப்ரைட்டர். 1930-ல் பாயார் கம்பெனி, கீவ் நகரில் பிறந்த ஜாக் போகோபோல்ஸ்கி என்பவரிடமிருந்து போலெக்ஸ் என்னும் ஸினிமாக் கருவித் தொழிலை வாங்கிற்று. 1935-ல் வெளிவந்த போலெக்ஸ் ஹெச்-16 காமிரா உலகப் புகழ் பெற்றது. வீடுகளில் படம் காட்டும் புரொஜெக்டர்களும் இந்த ஊரிலிருந்தே புறப்பட்டன. யந்திரம் மாறிற்று, அரத்தைப் பிடித்த கை மாறவில்லை.

அந்தக் காலமும் போய்விட்டது. 1970-ஐ ஒட்டிப் போலெக்ஸ் தொழில் ஆஸ்திரிய தேசத்து அயூமிக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1980-களின் தொடக்கத்தில் அயூமிக்கும் திவாலாயிற்று. ஆகவே என் தீப்பெட்டிக்குள் இருந்த உறுப்புக்குப் பதில் உறுப்பு வேண்டுமென்று எந்தக் கம்பெனிக்கும் கடிதம் எழுத வழியில்லை.

நண்பர் ஒருவர் என்னை ஒரு முதியவரின் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். எண்பது வயதைத் தாண்டியவர். இளமையில் ஸினிமாக் கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நண்பர் மொழிபெயர்க்க நாங்கள் பேசினோம். தீப்பெட்டியைத் திறந்து காட்டியதும் பெரியவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு எஃகுத் துண்டை வெகு நேரம் பார்த்தார்.

"இது படத்தை இழுக்கும் நகம்" என்றார். "இதோ, அடிப்பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, பாருங்கள்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரம்பப் பல்லைப் போல ஒரு சிறு பள்ளம்! விஷயம் இதுதான். புரொஜெக்டரில் பிலிம் நிற்காமல் ஓடுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று போகிறது. நகம் துளைக்குள் நுழைந்து, பிலிமை 3.81 மில்லிமீட்டர் கீழே இழுத்து, பின்வாங்கி, மேலே போய் மறுபடியும் நுழைகிறது. இழுக்கும் நேரத்தில் சுழலும் தகடு ஒன்று வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஐம்பது அடிச் சுருள் ஒன்றில் நாலாயிரம் படங்கள். அதை இருநூற்றைம்பது முறை ஓட்டினால் நகம் பத்து லட்சம் தடவை இழுத்தாகிவிட்டது. பிலிமில் ஒட்டிய தூசியோ உப்புக் காகிதத்தைப் போல எஃகைத் தேய்க்கிறது. பள்ளம் விழுந்த நகம் பின்வாங்கும்போது துளையின் விளிம்பையும் கவ்விக்கொண்டு வருகிறது, பிலிம் கிழிகிறது.

"புது நகம் கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "கிடைக்காது, செய்யலாம்" என்றார்.

பள்ளம் மேலெழுந்தவாரியாக இருந்தால் எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமமாக்கி மெருகிட்டால் போதுமாம். படம் திரையில் இம்மி நகரும். படச் சட்டத்தைச் சரிசெய்யும் திருகு அதை ஈடு செய்துவிடும். என் நகத்தின் பள்ளமோ ஆழமானது. அவர் ஒரு கருவி எஃகுத் துண்டை எடுத்து, பழைய நகத்தை அளவாக வைத்து அராவத் தொடங்கினார். பாதி வேலையில் அரத்தை என் கையில் கொடுத்துவிட்டார். நான் இரண்டு துண்டுகளைக் கெடுத்தேன், மூன்றாவது தேறியது. நகம் துளையைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும். ஓரங்கள் உருண்டிருக்க வேண்டும். பிறகு அதைக் கோவைப்பழச் சிவப்பாகக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். அப்போது எஃகு கடினமாகிறது. ஆனால் கண்ணாடி போல் எளிதில் ஒடியவும் கூடும். ஆகவே துலக்கிவிட்டு மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டினார். வைக்கோல் நிறம் படர்ந்ததும் சட்டென்று எடுத்துக் குளிரவிட்டார். இசைப் பெட்டியின் பற்களைப் பதப்படுத்திய பரம்பரையின் கண் அது. நிறத்தைக் கொண்டே சூட்டை அறிந்தது.

ரப்பர் சக்கரத்தின் கதை வேறு. மோட்டாரின் ஓட்டத்தை யந்திரத்துக்குச் செலுத்துவது அதுதான். பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. 'கட கட' சத்தம் அதனுடையது. மெதுவாகச் சுழலும் கடைசல் யந்திரத்தில் அதை மாட்டி, உப்புக் காகிதத்தால் மேல் தோலை எடுத்தார். சக்கரம் மீண்டும் வட்டமாயிற்று. ரப்பர் இறுகி வெடித்திருந்தால், பழையதைச் சீவி எறிந்துவிட்டு, அளவான ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கமாக மாட்டலாம் என்றார். வார் அறுந்திருந்தால், நூலைச் சுற்றி நீளம் அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவான வாரைப் போட வேண்டும். தளர்ந்த வார் வழுக்கும், மிக இறுகிய வார் அச்சைத் தின்னும்.

விடைபெறுமுன் அவர் கூறிய புத்திமதி, பரணில் புரொஜெக்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும். முதலில் மின்சாரத்தைத் தொடாதீர்கள். கையால் சுழற்றிப் பாருங்கள். மெழுகாக இறுகிய பழைய மசகைத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் புது எண்ணெய் விட வேண்டும். அதுவும் சொட்டுக் கணக்கில். பிலிம் செல்லும் வழியைக் கத்தியால் சுரண்டக் கூடாது; மரக்குச்சியும் மெல்லிய துணியுமே போதும். பிலிமிலிருந்து காடி வாசனை வந்தாலும், அது சுருங்கி வளைந்திருந்தாலும் ஓட்டவே கூடாது. கடைசியாக, பயனற்ற பிலிம் துண்டு ஒன்றைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, துளைகளைப் பூதக்கண்ணாடியில் சோதித்த பிறகே அருமையான சுருளைத் தொட வேண்டும்.

கூலியாக அவர் வாங்கிக்கொண்டது சொற்பம். "இந்த நகமும் ஒரு நாள் தேயும். அப்போது இவ்வளவு தூரம் வராதீர்கள். நானும் இருக்க மாட்டேன். உங்கள் ஊரில் வெள்ளியை அராவுகிறவர் யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ரயிலில் இறங்கும்போது என் கூடவே வந்தது. இதே வோ மாகாணத்தில், ஜெனீவா ஏரியின் கீழ்க்கோடியில் உள்ள வில்நெவ் கிராமத்தில்தான் 1931 டிசம்பரில் காந்திஜி ரோமன் ரோலந்தின் விருந்தினராகத் தங்கினார். யந்திரங்களையெல்லாம் மகாத்மா வெறுத்தார் என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. 1924-லேயே அவர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் காணச் சகியாத அன்பில் பிறந்த யந்திரம் அது என்பது அவர் கருத்து. மனிதன் யந்திரத்துக்கு அடிமையாவதைத்தான் அவர் எதிர்த்தார். தேய்ந்த உறுப்பைத் தன் கையால் செய்து கொள்ளத் தெரிந்தவனை எந்த யந்திரம் அடிமை கொள்ள முடியும்? உறுப்பு வராவிட்டால் யந்திரத்தையே தூக்கி எறிகிறவன், அதை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதற்கு எஜமானன் ஆகான். இந்த ஜுரா மலையின் கடிகார, இசைக் கருவிக் கைவினையை 1932-ம் அல்ல, 1935-ம் அல்ல, 2020-ம் ஆண்டில்தான் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்தது. தொழிற்சாலைகள் போன பிறகும் மிஞ்சி நின்ற சொத்து அது.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக எங்கள் தெருப் பத்தரிடம் போனேன். தேய்ந்த பழைய நகத்தையும் புதியதையும் அருகருகே வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்குத்தித் திருகைவிடவா இது கஷ்டம்?" என்றார். நாலாம் நாள் மாற்று நகம் ஒன்று என் கைக்கு வந்தது. இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. இப்போது யந்திரத்தில் இருப்பது பத்தர் செய்ததுதான். மலையிலிருந்து வந்தது தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

பிலிமின் கிழிந்த துளைகளைத் துளையிட்ட மெல்லிய ஒட்டு நாடாவால் செப்பனிட்டேன். எண்பது படங்களில் அறுபத்தெட்டு பிழைத்தன. பன்னிரண்டு அடியோடு போயின, முக்கால் விநாடி.

இந்த வருஷப் பொங்கலன்று சுவரில் மறுபடியும் கோலம் விரிந்தது. பாட்டி குனிந்திருக்கிறாள், மறுகணம் நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். நிமிர்வதை மட்டும் காணோம். அந்த முக்கால் விநாடியைச் செய்து தர ஸாந்த்-க்ருவாவிலும் ஆள் இல்லை, எங்கள் தெருவிலும் இல்லை. ஆனால் சிரிப்பு இருக்கிறது. குழந்தைகள் அதை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள். யந்திரத்தை முதலில் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, காட்டினேன்.