ஒரு சீஸ் கொத்தும் நாலு ஊரும்

"கொத்துத் திங்கிறதுக்கு மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு வந்த முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்." கொள்ளுப்பிட்டியில 101 பஸ்ஸால இறங்கினதும் களுவாஞ்சிக்குடி சொன்ன முதல் வசனம் இதுதான்.

களுவாஞ்சிக்குடி என்றது இங்க ஊரில்லை, ஆள். எங்கட பட்சில ஆக்களை ஊர்ப் பேராலதான் கூப்பிடுவோம். வந்தாறுமூலைக்கு வந்த முதல் கிழமையே யாரோ தொடங்கி வைத்த பழக்கம். மூன்றாம் வருசம் ஆகியும் போகவில்லை. அன்றைக்குப் போனது களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்லடி, காத்தான்குடி என்று நாலு பேர். கல்லடி மட்டும் பெண். இந்தக் கட்டுரையில "நாங்க" என்று வருகிற இடமெல்லாம் இந்த நாலு பேரும்தான்.

வந்தது புத்தகக் கண்காட்சிக்கு. ஒவ்வொரு செப்டெம்பரும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில நடக்கிறதே, அதற்கு. விடியக்காலை உதயதேவியில ஏறி, நாள் முழுக்க ரயிலில குலுங்கி, வெள்ளவத்தையில கல்லடியின்ர பெரியம்மா வீட்டில படுத்தெழும்பி, அடுத்த நாள் முழுக்கப் புத்தகக் கடைகளுக்குள்ள நடந்து, கால் உளைஞ்சு போய் நின்றோம். கையில மிச்சமிருந்த காசை எண்ணிப் பார்த்தோம். ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் காணும். பெரியம்மா பத்து மணிக்கு முதல் வரச் சொல்லியிருந்தா. அப்ப வாழைச்சேனைதான் சொன்னான், "பிலாவூஸுக்குப் போவம் மச்சான். கொழும்புக்கு வந்து அங்க சாப்பிடாமப் போனா வந்தது கணக்கில இல்ல."

ஹோட்டல் டி பிலாவூஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: காலி வீதியில பல பத்தாண்டுகளாக இருக்கிற கொத்துக் கடை. இரவில நேரம் போகப் போகத்தான் கூட்டம் ஏறும். சீஸ் கொத்து இங்கதான் பிறந்தது என்று கொழும்பில பலரும் சொல்வார்கள். அந்தப் பெயரில ஒன்றுக்கு மேல கடைகள் இருப்பதால் எது "ஒறிஜினல்" என்று ஆளுக்கொரு தீர்ப்பும் வைத்திருப்பார்கள். நாங்க எந்தத் தீர்ப்பையும் விசாரிக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் போனோம்.

அந்தச் சத்தத்தை இலங்கையில பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டு தகடு, ஒரு இரும்புக்கல். டக்கடடக்க டக்கடடக்க. ரொட்டி, முட்டை, வெங்காயம், கோவா, கறிவேப்பிலை, கோழி, மேலே ஒரு அகப்பை ஆணம். கொத்துகிறவர் கல்லைப் பார்க்கவே இல்லை, வீதியைப் பார்த்துக்கொண்டு கொத்தினார். உள்ளே அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை ரியூப் லைற், நெருக்கி வைத்த மேசைகள். ஒரு மேசையில கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு ஒபிஸ்காரர். பக்கத்தில ஓட்டோக்காரர் இரண்டு பேர். மூலையில கைக்குழந்தையோட ஒரு குடும்பம். சிங்களம், தமிழ், நடுவில இங்கிலீஸ் என்று மூன்று பாசையும் ஒரே நேரத்தில கேட்டது. காத்தான்குடி மட்டும் கொஞ்சம் தடுமாறினான். ஊர்ப் பழக்கத்தில "காக்கா" என்று கூப்பிட்டவன், பிறகு கொழும்பு முறைக்கு "நானா" என்று மாற்றினான். நானா சிரித்தார். "மட்டக்களப்பா?" என்று கேட்டார். காக்கா என்ற ஒரு சொல்லில ஊர் பிடிபட்டுப் போச்சு.

இரண்டு சீஸ் கொத்தும் நாலு ஐஸ் மைலோவும் சொன்னோம். சீஸ் கொத்தோட மைலோ குடிப்பது அங்கத்தைய வழக்கம். ஒரு சீஸ் கொத்தின்ர விலைக்கு ஊரில இரண்டு கோழிக் கொத்து வாங்கலாம் என்று களுவாஞ்சிக்குடி கணக்குப் பார்த்தான். வந்தது கொத்தா களியா என்று முதலில சந்தேகம். பாலும் சீஸும் ரொட்டியோட குழைந்து, கரண்டி வைத்தால் நூல் இழுத்தது. முதல் வாய் வைத்ததும் களுவாஞ்சிக்குடியின்ர கணக்கு நின்று போச்சு.

"ஆனா ஒண்டு, கொத்து எங்கட சாமான்" என்றான் வாயை நிரப்பிக்கொண்டு. "மட்டக்களப்பிலதான் முதல் முதல் போட்டது."

இந்தக் கதை எங்க எல்லாருக்கும் தெரியும். கிழக்குக் கரையில, மட்டக்களப்புப் பக்கம்தான், மிஞ்சின ரொட்டியையும் மிஞ்சின கறியையும் கொத்திப் போட்டு விற்கத் தொடங்கினார்கள் என்று. பெயரும் சாட்சி சொல்கிறது. கொத்து என்பது தமிழ்ச்சொல், சிங்களத்திலும் அது கொத்துத்தான். ஆனால் யார் கடையில, எந்த வருசத்தில என்று கேட்டால் ஒருத்தரிடமும் துண்டுக் கடதாசி கிடையாது. மதுரைப் பக்கம் போனால் கொத்துப் பரோட்டாவுக்கு அவர்கள் வேற கதை சொல்வார்கள். 

வாழைச்சேனைக்கு உடனே நேப்பிள்ஸ் ஞாபகம் வந்தது. ஹொஸ்டலில நாங்க பார்த்த "ஈட் பிரே லவ்" படத்தில ஜூலியா ரொபர்ட்ஸ் பீட்சா சாப்பிடுகிற கடை நிசமாகவே நேப்பிள்ஸில இருக்கிறது. டா மிகேலே என்று பெயர். 1870 இல தொடங்கியது. நெடுங்காலமாக மார்கரீட்டா, மரினாரா என்ற இரண்டே வகையைப் போட்டுப் பேர் எடுத்த கடை. நேப்பிள்ஸ்காரர் பீட்சாவை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1984 இல சங்கம் அமைத்து, மா எப்படிக் குழைக்க வேணும், அடுப்பு எத்தனை பாகை, எத்தனை விநாடி என்றெல்லாம் விதி எழுதினார்கள். ஒன்றரை நிமிசத்துக்கு மேல அடுப்பில இருந்தால் அது நேப்பிள்ஸ் பீட்சா இல்லை. 2017 இல யுனெஸ்கோவும் அந்தக் கைவேலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1889 இல மார்கரீட்டா ராணிக்காகச் சுட்டதால் அந்தப் பெயர் வந்தது என்ற புகழ்பெற்ற கதையை மட்டும் வரலாற்றாய்வாளர் சிலர் நம்புவதில்லை. இருந்தாலும் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை, ஒரு ராணி, ஒரு வருசம் இருக்கிறது.

"எங்கட கொத்துக்கு ஒரு ராணியும் இல்ல" என்றா கல்லடி.

"மாவும் எங்கட இல்ல" என்றான் வாழைச்சேனை. அதுவும் சரிதான். இந்த நாட்டில கோதுமை விளைவதில்லை. எங்கட அம்மம்மாமார் இன்னும் அதை அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுத் தானியம் கப்பலில வந்து, திருகோணமலை சீனக்குடா ஆலையில அரைபட்டு, ஊர்க் கடையில ரொட்டியாகி, தகட்டுக்குக் கீழே வருகிறது. அப்படியிருந்தும் அது "எங்கட" சாப்பாடு. இந்த "எங்கட" யார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் அதுவரைக்கும் கேட்கவில்லை.

காத்தான்குடி அந்தப் பேச்சில சேரவே இல்லை. மைலோவைக் கரண்டியால கலக்கிக்கொண்டு கல்லுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். 

"எங்கட வாப்பாவும் கொத்துக் கடைதான் வைச்சிருந்தார்" என்றான்.

மூன்று வருசம் ஒன்றாகப் படிக்கிறோம். இது எங்களுக்குத் தெரியாது. வாப்பா ஓட்டோ ஓடுகிறார் என்று மட்டும்தான் தெரியும்.

அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறோம். "டவுண்ல வாடகைக் கடை. பின்னேரம் ஆறு மணிக்குக் கல்லுச் சூடாக்கினா பத்து, பதினொண்டு வரைக்கும் சத்தம் ஓயாது. ஈஸ்டருக்கு மறுகா ஒரு மாசம் பூட்டு. திறந்த முதல் நாள் மூணு கொத்துப் போச்சு. மூணும் எங்கட ஆக்கள். நான் ஸ்கூல் விட்டு வந்து கடையில நிப்பன். ஒருநாள் பாத்தா வாப்பா வெறுங்கல்லில தட்டிக்கிட்டு இருக்கார். ரொட்டி இல்ல, ஒண்டும் இல்ல. ஏன் வாப்பா எண்டு கேட்டன். 'சத்தம் கேட்டாத்தான் மகன் கடை திறந்திருக்கு எண்டு சனத்துக்குத் தெரியும்' எண்டார். ஆறு மாசத்தில கடையக் குடுத்திட்டார்."

மேசையில ஒருத்தரும் பேசவில்லை. பின்னால கல்லில தகடு விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் அதற்குப் பிறகு எங்களுக்கு வேற மாதிரிக் கேட்டது.

2019 ஏப்ரல் 21 அன்றைக்கு நாங்க எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடித்தது. செத்தவர்களில சின்னப் பிள்ளைகள் பலர். தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன். அவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களிலும் காத்தான்குடிக்காரர் இருந்தார்கள். ஆனால் அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்கிற நிலையில அப்ப ஊர் இருக்கவில்லை.

அதற்கு முதல் வருசமே சாப்பாட்டில பயம் தூவப்பட்டிருந்தது. 2018 பெப்ரவரி இறுதியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. ஆணத்தில கட்டியாக ஏதோ கிடந்தது. மலட்டு மாத்திரை என்று வாடிக்கையாளர் சத்தம் போட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் வீடியோவாகி நாடு முழுக்கப் போனது. கடையும் பக்கத்துப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்துச் சொன்னார்: அது மாக் கட்டி. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். ஆனால் வீடியோ போன தூரம் அந்த அறிக்கை போகவில்லை. எங்கட வீடுகளுக்கும் வட்ஸ்அப்பில வந்தது வீடியோதான்.

களுவாஞ்சிக்குடிதான் முதலில வாய் திறந்தான். "எங்கட வீட்டிலயும் நிப்பாட்டினாங்க மச்சான். ஞாயித்துக்கிழமை இரவில கொத்து வாங்கிறது வழக்கம். கடைச் சாப்பாடு கூடாது எண்டு நிப்பாட்டல்ல. உங்கட ஆக்கள்ற கடை எண்டு சொல்லித்தான் நிப்பாட்டினாங்க. நானும் ஏன் எண்டு கேக்கல்ல."

கல்லடி கொஞ்ச நேரம் எடுத்தா. "எனக்குப் பயம் இருந்தது. கோவமும் இருந்தது. எங்கட ரியூசனுக்கு வந்த பிள்ளை ஒண்டு அண்டைக்குப் போச்சு. பொய் சொல்லேலாது."

"தெரியும்" என்றான் காத்தான்குடி. அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னிப்பும் கொடுக்கவில்லை. இரண்டு பேருடைய நட்டமும் ஒன்றில்லை என்று எங்க எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த இரண்டையும் ஒரே மேசையில வைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மூன்று வருசம் ஒரே விரிவுரை மண்டபத்தில இனத்துவம், நல்லிணக்கம் என்று எத்தனை ஒப்படை எழுதியிருப்போம். ஒன்றிலும் வெறுங்கல்லில தட்டின அந்தச் சத்தம் இல்லை.

எங்களுக்கு அப்ப ஒன்று விளங்கியது. கடைச் சாப்பாடு என்பது பெரிய நம்பிக்கை. யாரென்று தெரியாத ஒருத்தர் கையால சமைத்ததை வாங்கி வாயில வைக்கிறோம். நேப்பிள்ஸ்காரர் விதி எழுதி, முத்திரை குத்தி அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்கள். எங்கட கொத்துக்கு விதியும் இல்லை, முத்திரையும் இல்லை. இருந்தது ஊர்ச் சனத்தின்ர நாக்குப் பழக்கம் மட்டும்தான். ஞாயிறு இரவு தமிழ் வீட்டுக்கு முஸ்லிம் கடையிலயிருந்து போன பார்சல்தான் எங்கட சாட்சிப் பத்திரம். "கொத்து எங்கட" என்று சொல்கிறவர்கள் அந்தப் பார்சலை நிறுத்தின நாளையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

மிச்சக் கொத்தை நாலு பேரும் இரண்டு பிளேட்டில இருந்தே வழித்துச் சாப்பிட்டோம். காசைக் களுவாஞ்சிக்குடி எங்களைக் கேட்காமலே கொடுத்தான். பிறகு பஸ்ஸுக்கு எங்களிட்டயே கடன் வாங்கினான்.

ஊருக்கு வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளி இரவு கல்லடிப் பாலத்தால போய், நாவற்குடா தாண்டி, பேரீச்ச மரங்கள் நிற்கிற காத்தான்குடி பெரிய வீதிக்குப் போனோம். தெருவோரக் கடை. நாலு கோழிக் கொத்துச் சொல்லியிருந்தோம். ஓட்டோவை ஓரமாக விட்டிட்டு வாப்பாவும் வந்து இருந்தார். "இன்னொண்டு போடச் சொல்லுங்க" என்றார். 

அவர் கொத்தைச் சாப்பிட முதல் காதைத்தான் கொடுத்தார். கல்லுப் பக்கம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ரொட்டி சூடு ஆறல்ல. ஆறின ரொட்டியக் கொத்தினா சத்தம் வேற."

களுவாஞ்சிக்குடிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, கொத்து மட்டக்களப்பிலதான் முதல் வந்ததாமே, உண்மையா?"

வாப்பா ஒரு வாய் மென்று விழுங்கினார். "ஆர் முதல் போட்டா என்ன மகன். திங்க ஆள் வரோணும்" என்றார். பிறகு கல்லடியின்ர பிளேட்டைப் பார்த்து, "ஆறுது புள்ள, சாப்பிடுங்க" என்றார்.